“எனக்கு ஒன்னும் இல்ல சார்” என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள்

போர்க்கதைத் தொடர்களில் தலைவர் கொடுமையான உத்தரவு ஒன்றைப் போடுவார், குண்டு வெடிக்கும், இசை உச்சத்துக்குப் போகும், காட்சி மாறிவிடும். அன்றைக்கு ராத்திரி அந்த ஆள் தூங்கினாரா இல்லையா என்று காட்டுகிற தொடர்கள் குறைவு. தருமபுரியில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்த ராத்திரியோடுதான் வேலை. இங்கேயும் கிருஷ்ணகிரிப் பக்கமும் முன்னாள் ராணுவத்தினர் பலர் இருக்கிறார்கள்.

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் 1998இல் வந்த ஓர் அத்தியாயம் அதைக் காட்டியது. தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரகத்தாரைத் தன் பக்கம் இழுக்க கேப்டன் சிஸ்கோ போலி ஆதாரம் தயாரிக்கிறார். குட்டு உடைகிற நேரத்தில் அவருடைய கூட்டாளி, ரோமுலன் செனட்டர் ஒருவரைக் கொன்று பழியை எதிரி மேல் போடுகிறார். திட்டம் பலித்துவிடுகிறது. சிஸ்கோ தனியாக உட்கார்ந்து நடந்ததையெல்லாம் பதிவு செய்கிறார், என்னால் இதோடு வாழ முடியும் என்கிறார், திரும்பவும் அதையே சொல்கிறார், கடைசியில் அந்தப் பதிவையே அழிக்கச் சொல்லிவிடுகிறார். நடிப்பு அபாரம், ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உண்மையிலேயே வாழ முடிகிறவர் அதை இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்.

‘பேட்டில்ஸ்டார் காலக்டிகா’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரில், எதிரியிடமிருந்து கப்பல்களில் தப்பி ஓடும் மக்களின் அதிபர் லாரா ரோஸ்லின் வேறு மாதிரி. எதிரி 33 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறான், யாருக்கும் நாள்கணக்கில் தூக்கமில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்ததாகக் கணக்கில் உள்ள பயணக் கப்பல் ஒன்று எதிரிக்கு வழிகாட்டுகிறதோ என்ற சந்தேகத்தில் அதைச் சுட்டு வீழ்த்தச் சம்மதிக்கிறார். அப்புறம் அந்தக் கப்பலின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். செய்தது சரி என்று வாதாடவும் இல்லை, மறக்கவும் இல்லை. அவர் சுமக்கும் விதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தன் மனசாட்சிக்கு விரோதமானதைச் செய்ய நேர்ந்தவருக்கு வரும் இந்த வேதனையை மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களிலேயே இதை விரிவாக எழுதினார். பயத்தால் வரும் பாதிப்பும் இதுவும் ஒன்றல்ல. இங்கே ஆளைத் தின்பது குற்றவுணர்வும் வெட்கமும்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) வந்தபோதெல்லாம் மூட்டுவலியைப் பற்றித்தான் பேசினார். ராணுவ கேன்டீனில் வாங்கும் மது பாட்டில் சாயங்காலமே திறந்துவிடுகிறது என்று மனைவி சொன்ன பிறகு, வெகுநேரம் கழித்து, “அந்தப் பையனை நான்தாங்க சார் போகச் சொன்னேன்” என்றார். கூட இருந்த மகன் பதறிப்போய், “உங்க மேல தப்பே இல்லப்பா” என்றதும் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மகன் சொன்னது அன்பால்தான், ஆனால் அப்பாவுக்கு அது கதவைச் சாத்திய மாதிரி. அடுத்த தடவை தனியாக வரச் சொல்லி, அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று மட்டும் கேட்டேன். நன்றாகப் பாடுவானாம், ரசத்தில் உப்பு அதிகம் போடுவானாம். பேசிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர் பேசும்போது குறுக்கே போகாமல் உட்காருங்கள். தூக்கம் போய்விட்டது, குடி ஏறுகிறது, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ராத்திரி நேரமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.