மருத்துவமனைப் பாக்கிக்கு வசூல் ஆள் வந்தால்

கடன் வசூல் மிரட்டல் என்று ஈரோட்டில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலருக்குத் தாங்கள் கடன்காரர் என்பதே தெரியாது. ஆபரேஷன் முடிந்தது, இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது, டிஸ்சார்ஜ் ஆகி வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள். சில மாதம் கழித்து முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது: "நாளைக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்கு ஆள் வரும்." மறுநாளே நகை அடகுக்குப் போகிறது.

நாலு பேர் பார்க்க வாசலில் ஒருவர் காசு கேட்டு நிற்பதை நம் ஊர்க்காரர்கள் தாங்க மாட்டார்கள். வசூலுக்கு வருகிறவர்களுக்கும் இது தெரியும். தறிக்கூடத்தில் ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அந்தப் பதற்றத்தில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்காமலே கட்டிவிடுகிறார்கள். எனக்கு வேதனை அதில்தான். வாங்கிய சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தர வேண்டியது எவ்வளவு என்று தெரிந்து தர வேண்டும்.

"போலீசு வந்து புடிச்சிட்டுப் போயிருமுங்களா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. கட்ட முடியாத கடனுக்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது, அது சிவில் விவகாரம். செக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. டிஸ்சார்ஜ் அன்று பாக்கிக்குச் செக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. அந்தச் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கே வரும். வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்குக்கு இடமில்லை. ஆகவே நோட்டீஸைத் தபால்காரரிடமே திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கிப் பிரித்துப் படியுங்கள்.

செக் இல்லையென்றால், வந்திருப்பது மருத்துவமனையின் சொந்தப் பாக்கியா, அல்லது மருத்துவமனை வழியாக நீங்கள் ஒரு நிதி நிறுவனத்திடம் வாங்கிய கடனா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சட்டம் வேறு, பின்விளைவும் வேறு.

மருத்துவமனைப் பாக்கி பெரும்பாலும் அறை வாடகையில் தொடங்குகிறது. பாலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய்தான் வரம்பு, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் இருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் விகிதாசாரக் கழிவு என்ற நிபந்தனை இருந்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் இன்சூரன்ஸ் தரும். ஆனால் மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், ஸ்கேன் மற்றும் ரத்தப் பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்தக் கழிவைச் செய்யக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. செய்திருந்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தனித்தனியாக விவரம் போட்ட பில்லைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. அது கையில் இல்லாமல் பேச்சுவார்த்தைக்கே போக வேண்டாம்.

இந்த வகைப் பாக்கிக்கு மருத்துவமனை சிவில் வழக்குப் போடலாம், பொதுவாக மூன்று வருடத்துக்குள். "சிபில் போயிரும்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். சிபில் என்னும் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறுவது வங்கியும் நிதி நிறுவனமும் கொடுத்த கடன். மருத்துவமனை பில் அப்படியே அதில் ஏறுவதில்லை.

இரண்டாவது வகைதான் இப்போது அதிகம் வருகிறது. பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிக் குடும்பம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கையில் இருந்தது போதவில்லை. பில்லிங் கவுன்ட்டரில் "வட்டியில்லாத் தவணை போட்டுக்கலாமுங்க" என்றார்கள். மகன் ஓ.டி.பி. சொன்னார், ஆதார் கொடுத்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. தான் கையெழுத்துப் போட்டது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம் என்பது அவர் மனதில் பதியவே இல்லை. ஆஸ்பத்திரி தவணை கொடுத்தது என்றே நினைத்திருந்தார். பிறகு திருப்பூரில் வேறு பனியன் கம்பெனிக்கு மாறினார், சம்பளக் கணக்கும் மாறியது. பழைய கணக்கில் பணம் இல்லாததால் தவணை ஒவ்வொரு மாதமும் திரும்பியது. குறுஞ்செய்தியெல்லாம் அப்பாவின் பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது.

வசூல் ஆள் கேட்ட தொகையில் பாதிக்கு மேல் அபராதமும் தவணை திரும்பிய கட்டணமும்தான். கடன் கணக்கு விவரத்தை எழுதிக் கேட்டோம். அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தடை செய்து சுற்றறிக்கை வெளியிட்டது, 2024-இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. சுட்டிக்காட்டியதும் அதைக் கழித்தார்கள். மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கினார்.

அந்தக் கடிதம் பெரிய வித்தை ஒன்றுமில்லை, நீங்களே எழுதலாம்: "எனக்கு வந்த வசூல் அழைப்பு தொடர்பாக, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், ஒப்பந்த நகல், இன்று வரையிலான கணக்கு விவரம், வசூலுக்கு ஆளை நியமித்த கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது." மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வழக்குப் போடுவதற்கான காலம் முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கலாம். "ஒரு ஐந்நூறாவது போடுங்க" என்று பழைய பாக்கிக்குக் கெஞ்சுவது சில நேரம் இதற்காகத்தான்.

வசூல் ஆளின் சொந்த எண்ணுக்கு ஜி-பே செய்யவே கூடாது. கடன் கணக்குக்கு நேராகப் போகாத பணம் கட்டியதாகப் பதிவாகாமலே போகலாம்.

கடன் பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அடையாள அட்டையும் நியமனக் கடிதமும் காட்ட வேண்டும். உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யவும், ஆள் பார்க்க அவமானப்படுத்தவும் கூடாது. மீறினால் தேதி, நேரம், எண் குறித்துவைத்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடிதடி, மிரட்டல் என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே காவல் நிலையம்.

கட்டி முடித்தபின் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். தவறு இருந்து நீங்கள் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு. தொகையைக் குறைத்துக்கொண்டு "செட்டில்மென்ட்" செய்தால் அறிக்கையில் அப்படியே பதிவாகும். பின்னால் வீட்டுக் கடனுக்கோ புதுத் தறிக்கோ வங்கிக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். முடிந்தவரை முழு அசலையும் கட்டி, அபராதத்தை மட்டும் குறைக்கப் பேசுவதே நல்லது என்பேன்.

கட்டவே வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், 15100-க்குப் போன் செய்தால் போதும். வழக்கு வருவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்து இரு தரப்பையும் பேசவைப்பார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. ஆனால் அங்கே எழுதும் சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. தவணைத் தேதி உங்களுக்குக் கூலி கைக்கு வரும் நாளுக்குப் பின்னால் விழுகிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.