குப்பைக் கட்டணச் சலுகை: கவுன்டரில் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது

வருமானம் குறைந்த குடும்பங்களின் குப்பையை முனிசிபாலிட்டி இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அள்ள வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் 2011-இலேயே தேசியக் கொள்கை வந்துவிட்டது. வருமான வரம்பு ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் வீட்டு மதிப்பையும் பார்ப்பார்கள். பல ஊர்களில் 'இண்டிஜென்ட்' (வசதியற்ற குடும்பங்கள்) பட்டியலில் பதிந்தால்தான் சலுகை. அந்தப் பதிவில்தான் நம் ஆட்களை அலையவிடுகிறார்கள்.

முதல் சிக்கல் பில்லில் இருக்கும் பெயர். டர்பனில் சட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தாத்தா இறந்து பல வருஷம் ஆகியும் வீடு அவர் பெயரிலேயே கிடக்கும். ஆயா காலையிலிருந்து வரிசையில் நின்று முறை வந்ததும், "ஓனர் வரணும்" என்று காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளுவார்கள். இறந்தவரை எங்கிருந்து கூட்டி வருவது? முதலில், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட் அலுவலகத்துக்குப் போங்கள். அவர் விட்டுச்சென்ற சொத்து மொத்தம் 2,50,000 ராண்டுக்குள் என்றால் அதைக் கவனிக்க அதிகாரம் தரும் 'லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி' தருவார்கள், வக்கீல் தேவையில்லை.

அடுத்தது வருமானம். ஆயாவின் பென்ஷனை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை, கூட இருக்கும் பேரன் சம்பளம், பின்கட்டு வாடகை எல்லாம் சேரும். பேரன் வேறு வீட்டுக்குப் போயிருந்தால் அஃபிடவிட்டில் எழுதுங்கள், போலீஸ் ஸ்டேஷனில் அதற்குக் காசு கிடையாது. போகாதவனைப் போனதாக எழுதாதீர்கள், மாட்டினால் சலுகையும் போகும், பாக்கியும் ஏறும். விண்ணப்பம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

'குப்பைக்கு மட்டும் இப்போது கட்டுகிறேன், தண்ணிக்கு அப்புறம்' என்பதும் செல்லாது. எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்க முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம் இடம் கொடுக்கிறது, கட்டிய காசைப் பழைய தண்ணிப் பாக்கியில் வரவு வைத்துவிடுவார்கள்.

சலுகை வாங்கும் வீடு என்று லாரி தாண்டிப் போகக் கூடாது. மறுசுழற்சிக்குப் போகாத குப்பையை வாரம் ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்பது தேசிய விதி.

வாயால் "கிடையாது" என்றால் நகராதீர்கள். முடிவை எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லவில்லை என்றால் 90 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம், அவர்களும் 90 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஆனால் முனிசிபல் மேனேஜரிடம் அப்பீல் போட முடிவு தெரிந்ததிலிருந்து 21 நாள்தான், காரணம் வரட்டும் என்று காத்திருந்தால் அது போய்விடும்.

சரி, பெயர் பதிந்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். பதிவு காலாவதியாகும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதியைக் கேட்டு பில்லின் பின்னால் குறித்து வையுங்கள். எதைக் கொடுத்தாலும் ஸ்டாம்ப் அடித்த நகல் வாங்காமல் கவுன்டரை விட்டு வராதீர்கள், நகல் இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கவே இல்லை என்பார்கள்.