பழைய கடனுக்கு வசூல் ஆள் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

ஐந்தாறு வருஷத்துக்கு முன் நின்றுபோன கிரெடிட் கார்டு பாக்கிக்கோ பர்சனல் லோனுக்கோ திடீரென்று போன் வரும். "நாளைக்குள்ள கட்டலைன்னா போலீஸ் வரும், வீட்டை ஜப்தி பண்ணிடுவோம்" என்பார்கள். பயப்படாதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போனது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. (நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தால் மட்டும் அது தனி வழக்கு.) அடமானம் வைக்காத கடனுக்கு நீதிமன்றம் உத்தரவிடாமல் யாரும் உங்கள் பொருளைத் தொட முடியாது.

அடுத்து தேதி. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அடமானமில்லாத கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வீடு, நிலம் அடமானம் என்றால் 12 ஆண்டு. கெடு முடிந்த பிறகும் பணத்தைக் கேட்கலாம், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் பாக்கி தெரியலாம். ஆனால் வழக்குப் போட்டால் தள்ளுபடி ஆகும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "ஒரு ஐந்நூறாவது கட்டுங்க, இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்க" என்று தன்மையாகக் கேட்பார்கள். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு பகுதியைக் கட்டி, அது உங்கள் கையெழுத்தோடு பதிவானாலும் அப்படித்தான். கெடு முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது புது ஒப்பந்தம். அதனால் கடைசியாக எப்போது கட்டினீர்கள், எதிலாவது கையெழுத்திட்டீர்களா, ஏற்கெனவே டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆகியிருக்கிறதா என்று பார்க்கும்வரை எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். கணக்கு விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

வசூல் ஏஜென்ட் வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது. குழுக்கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு அது காலை 9 முதல் மாலை 6 வரைதான். சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்துவது, கெட்ட வார்த்தை, மிரட்டல் எதுவும் கூடாது. போன் பதிவை வைத்துக்கொண்டு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்தும் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். தகவலுக்கு 14448. மிரட்டினால் நேரே காவல் நிலையம் போங்கள். வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

கோர்ட் அமீனா வருவது வேறு. அவர் நீதிமன்ற ஊழியர், கையில் வாரண்ட் இருக்கும். அவரோடு சண்டை வேண்டாம், உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு அன்றே வக்கீலைப் பாருங்கள். அவருக்கும் வரம்பு உண்டு. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கட்டியிருக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப். பணம் இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. டிகிரிப் பணத்தைக் கட்டாதவரை நீதிமன்றம் அனுப்பும் சிவில் சிறையில், பணக் கடனுக்காகப் பெண்களை வைக்க முடியாது. கட்ட வழியே இல்லாதவரையும் வைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

சம்மன் வந்தால் மட்டும் ஒதுக்காதீர்கள், வாங்காமல் திருப்பி அனுப்பவும் செய்யாதீர்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகிவிடும், அதை 12 ஆண்டு வரை நிறைவேற்றலாம். தெரியாமல் அப்படி ஆகிவிட்டால் ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள்.

கட்டி முடிக்கலாம் என்று தோன்றினால் தொகையைப் பேசி, வங்கியின் கடிதத்தில் வாங்கிய பிறகே, வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். ஏஜென்டின் ஜீபேக்கு ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். கட்டியதும் நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.