சவலை

காசிமேட்டில் ஒரு பால்வாடி வாசல். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பாட்டி, இடுப்பிலிருந்த பேரனைக் காட்டிச் சொன்னார்: "சவலப் புள்ள டீச்சரம்மா. அடுத்தது வயித்துல தங்கிடுச்சுன்னு பால மறக்கடிச்சிட்டா." டீச்சர் பதிவேட்டில் எழுதியது 'எடைக்குறைவு'. பாட்டியின் சொல்லில் காரணமும் சேர்ந்திருந்தது.

சவலை என்றால் வெறும் ஒல்லி இல்லை. தாய்ப்பால் போதாமல் இளைத்த பிள்ளை. பெரும்பாலும் தாய் மறுபடி உண்டானதால் பால் நின்றுபோன பிள்ளை. யாப்பிலும் இந்தச் சொல் உண்டு. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் நான்காம் சீராக வரவேண்டிய தனிச்சொல் வராமல் அடி முச்சீரோடு நின்றுவிட்டால் அது சவலை வெண்பா. ஊட்டம் குறைந்த அடி! புலவருக்கும் தொட்டில் பக்கத்திலிருந்துதான் பெயர் கிடைத்திருக்கிறது.

மருத்துவப் புத்தகத்தில் இதன் உறவுக்காரச் சொல் குவாஷியார்கர். கானாவின் ஆக்ரா பகுதியில் பேசும் கா மொழிச் சொல்; அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். அங்கே பணியாற்றிய ஜமைக்கா மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்மார் வாயிலிருந்து கேட்ட அந்தப் பெயரையே 1935-இல் மருத்துவ உலகுக்குத் தந்தார். கடல் கடந்த இரண்டு ஊர்த் தாய்மார், ஒரே காரணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சவலையை அதற்கு நேர்ச்சொல்லாக வைக்க எனக்குத் தயக்கம். குவாஷியார்கரில் காலும் முகமும் நீர்கோத்து வீங்கும். புறங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். "கொழுகொழுன்னு கீது" என்று ஏமாந்துபோகலாம். சவலையோ இளைப்பு. நோய்க்குக் குவாஷியார்கர் என்றே எழுதலாம். அதற்கு வழிவிடும் நிலைக்குச் சவலை பொருந்தும்.

சத்துப் பற்றாக்குறைக்குப் பொதுச்சொல்லாக 'ஊட்டக்குறை' போதும். 'போஷாக்கின்மை' வடமொழி என்பதுகூட இருக்கட்டும், பொருளே சரியில்லை: இன்மை என்றால் அறவே இல்லாதது, இங்கே இருப்பது பற்றாக்குறை. அதன் உள்வகைகளில் உயரத்துக்கு எடை குறைந்தால் மெலிவு, வயதுக்கு உயரம் குறைந்தால் வளர்ச்சிக் குன்றல். புஜத்தின் நடுவில் நாடா சுற்றி அளக்கும்போது, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் அது கடும் மெலிவு.

காய்ச்சலில் படுத்து எழுந்து துரும்பாய்ப் போன பள்ளிக்கூடத்துப் பையனைச் சவலை என்று எழுதுவது பிழை. அவனுக்கு வண்ணாரப்பேட்டையில் வேறு பெயர்: நோஞ்சான்.