வாசலைத் தாண்டாத பாக்கெட்

ஒரே கணினியில் ஒரு வெப் சர்வரும் ஒரு டேட்டாபேஸும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சர்வர் டேட்டாபேஸைக் கூப்பிடும் முகவரி 127.0.0.1, அதாவது ‘இதே கணினி’. இரண்டும் இருப்பது ஒரே மெமரியில். ஆனாலும் சர்வர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஏதோ கடல் தாண்டப் போவதுபோல டிசிபி தலைப்பு, ஐபி தலைப்பு (நெட்வொர்க் விதிமுறைகள் இரண்டும் ஒட்டும் சீட்டுகள்) எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு பாக்கெட்டாகக் கிளம்பி, வாசல்வரை போய், அப்படியே திரும்பி உள்ளே வருகிறது. இந்த வாசலுக்குப் பெயர்தான் லூப்பேக். 127-இல் தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6 வந்தபோது இவ்வளவு தாராளம் வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, ::1 என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். நிரல் தரவை எழுதியதும் கெர்னல் அதைத் தன் மெமரிக்கு ஒருமுறை நகலெடுக்கிறது. டிசிபி வரிசை எண் போடுகிறது, ஐபி வழி தேடுகிறது, ஃபயர்வால் விதிகள் குறுக்கே நின்று பார்க்கின்றன. கடைசியில் லூப்பேக் டிரைவர். நிஜ நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஆயிரக்கணக்கான வரி இருக்கும். இது மிகச் சின்னது. வந்த பாக்கெட்டை அதே சிபியுவின் ‘வந்தவை’ வரிசையில் போட்டுவிட்டால் இதன் வேலை முடிந்தது. பிறகு அந்தப் பாக்கெட் ஐபி, டிசிபி என்று மறுபடி மேலே ஏறி, மறுமுனைச் சாக்கெட்டில் (நிரல் இணைப்பைப் பிடித்திருக்கும் முனை) போய்ச் சேர்ந்து, தூங்கிக்கொண்டிருக்கும் நிரலை எழுப்புகிறது. அது தன் மெமரிக்கு இரண்டாவது முறை நகலெடுத்துக்கொள்கிறது. சின்னச் செய்திகளுக்கு நகலெடுப்பது பெரிய செலவே இல்லை. இப்படித் தட்டி எழுப்புவதுதான், அதிலும் வேறொரு சிபியுவில் இருக்கும் நிரலை எழுப்புவதுதான், நேரத்தைத் தின்கிறது.

சரி, இதில் எதை வெட்டலாம்? முதல் வெட்டு செக்சம். கம்பியில் போகும்போது பிட் மாறிவிடுமோ என்ற பயத்துக்கான கணக்கு அது. இங்கே கம்பியே இல்லை. அதனால் லூப்பேக்கில் கெர்னல் அதைக் கணக்கிடுவதும் இல்லை, சரிபார்ப்பதும் இல்லை. (பாக்கெட்டுகளை வேடிக்கை பார்க்கும் கருவியான டிசிபிடம்ப் காட்டும் ‘செக்சம் தவறு’ என்ற வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். தவறாகப் போடவில்லை, முழுதாகப் போடவே இல்லை.) அடுத்தது பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டில் வழக்கமான உச்சவரம்பு 1500 பைட். லூப்பேக்கில் லினக்ஸ் முன்பு 16436 வைத்திருந்தது. 2012-இல் 65536 ஆக்கியது. ஒரு மெகாபைட் அனுப்ப ஈதர்நெட் அளவில் 700-க்கும் மேல் பாக்கெட் வேண்டும். இங்கே முழு அளவில் போனால் 17 போதும்.

ஆனால் அளவைப் பெருக்கியதில் ஒரு வில்லங்கம் உண்டு. 1984-இல் ஜான் நேகிள் என்ற பொறியாளர் டிசிபிக்குச் சொன்ன உத்தி இது: அனுப்பியதற்கு ஒப்புதல் வராமல் இருக்கும்வரை, முழு அளவு நிரம்பாத அடுத்த பாக்கெட்டை நிறுத்திவை. மறுமுனைக்கோ ஒப்புதலைக் கொஞ்சம் தாமதித்து, பதிலோடு சேர்த்து அனுப்பும் பழக்கம். ஒரு நிரல் முதலில் 4 பைட்டில் நீளத்தை எழுதுகிறது, அப்புறம் 3000 பைட் உடலைத் தனியாக எழுதுகிறது. 4 பைட் உடனே போய்விடும். மறுமுனை உடலுக்காகக் காத்திருக்கிறது. உடலோ மறுமுனையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. ஈதர்நெட்டாக இருந்தால் 3000 பைட்டில் இரண்டு முழுப் பாக்கெட்டாவது கிளம்பியிருக்கும். லூப்பேக்கில் பல்லாயிரம் பைட் நிரம்பாத எல்லாமே ‘சின்னது’தான். 40 மில்லிசெகண்ட் கழித்து டைமர் அடித்த பிறகே முடிச்சு அவிழும். மைக்ரோசெகண்டுகளில் முடியவேண்டிய வேலை! நேகிள் உத்தியை அணைக்கும் நோடிலே என்ற விருப்பத்தைப் போட்டால் சரியாகும். இரண்டையும் ஒரே எழுத்தாக எழுதுவது அதைவிட நல்லது.

இணைப்பை அடிக்கடி திறந்து மூடுபவர்களுக்கு வேறொரு தலைவலி. மூடிய இணைப்பின் போர்ட்டை (ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் எண்) லினக்ஸ் 60 விநாடி பிடித்துவைக்கும், வழிதவறிய பழைய பாக்கெட் வந்துவிடுமோ என்று. இயல்பாகக் கிடைக்கும் போர்ட்டுகள் 28,232. ஆக, ஒரே சர்வருக்கு விநாடிக்கு 470 இணைப்பைத் தாண்டினால் போர்ட் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் யார் வழிதவறப் போகிறார்கள்? லினக்ஸின் 4.19 பதிப்பிலிருந்து லூப்பேக்குக்கு மட்டும் அந்தப் போர்ட்டைச் சீக்கிரமே மறுபடி பயன்படுத்த அனுமதி உண்டு.

இரண்டு முனையும் உள்ளேதான் என்று தெரிந்த பிறகு டிசிபியே எதற்கு என்ற கேள்வி வருவது நியாயம். சோலாரிஸ் 10 என்ற இயங்குதளம் அதைச் செய்தது: இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் முடிந்ததும் இரண்டு சாக்கெட்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிடும். விண்டோஸ் 8-இலும் இப்படி ஒரு குறுக்குவழி வந்தது, பின்னாளில் மைக்ரோசாஃப்டே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. லினக்ஸில் 2012-இல் முன்வைக்கப்பட்ட இதே மாதிரியான திருத்தம் சேர்க்கப்படவே இல்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. குறுக்குவழியில் போகும் தரவு ஃபயர்வால் கண்ணிலும் படாது, டிசிபிடம்ப் கண்ணிலும் படாது. கோளாறு வரும் நாளில் எங்கே போய்த் தேடுவது? 2018-இல் வந்த லினக்ஸ் 4.17 முதல், வேண்டுமென்று கேட்பவர்கள் மட்டும் கெர்னலுக்குள்ளேயே ஓடும் இபிபிஎஃப் நிரல் எழுதிச் சாக்கெட்டுகளை இணைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானோருக்கு அதுவும் தேவைப்படாது. ஒரே கணினிக்குள் பேச, டிசிபியே இல்லாத யுனிக்ஸ் சாக்கெட் பல காலமாக இருக்கிறது. லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் கிளையன்ட்டிடம் 127.0.0.1 என்று கொடுத்தால் மேலே சொன்ன பயணம் முழுவதும் நடக்கும். அதே இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், அது பேசாமல் யுனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாறிவிடும்.