பல் மருத்துவர் ஏன் எல்லா ஊரிலும் இல்லை?

முடி வெட்டிக்கொள்ளப் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. பல்லுக்குச் சிகிச்சை என்றால் அடுத்த ஊர்வரை போகவேண்டியிருக்கலாம். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பெருநகரம்தான்.

இந்த வரிசையைத் தீர்மானிப்பவை இரண்டு தூரங்கள். ஒரு சேவைக்காக மக்கள் எவ்வளவு தூரம் வரத் தயார் என்பது ஒன்று. தொழில் நஷ்டமில்லாமல் நடக்க எவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வந்தாக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது முதலாவதைத் தாண்டிவிட்டால், நடத்துபவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே தொழில் நிலைக்காது. முடி எல்லோருக்கும் வளர்கிறது, அடிக்கடி வெட்டவும் வேண்டும். அதனால் ஒரு சலூனுக்குச் சில நூறு பேர் போதும். இதய அறுவைச் சிகிச்சையோ பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேவைப்படாது. அதற்கு லட்சக்கணக்கான மக்கள் வேண்டும்.

மக்கள் நெருக்கம் இதில் எப்படி வேலை செய்கிறது? ஒரு பல் மருத்துவருக்கு 3,000 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சதுர கிலோமீட்டருக்கு 1,000 பேர் வாழும் இடத்தில், சுற்றிலும் ஏறக்குறைய 1 கிலோமீட்டருக்குள்ளேயே அத்தனை பேரும் கிடைத்துவிடுவார்கள். 10 பேர்தான் வாழ்கிறார்கள் என்றால் சுமார் 10 கிலோமீட்டர். நெருக்கம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் தூரம் பத்து மடங்காகிறது. பிரசவ மருத்துவமனையை இந்தக் கணக்கின் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆட்கள் குறைவு என்பதற்காக அவசரம் காத்திருக்காது.

1933இல் ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து இதை ஒரு கோட்பாடாக்கினார். ஊரைச் சுற்றி வட்டம் போட்டால், வட்டங்களுக்கு இடையே யாருக்கும் சேராத இடம் மிஞ்சும். அதையும் சேர்க்க வட்டங்களை நெருக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்று படியும். படியும் பகுதியில் இருப்பவர்கள் கிட்டே உள்ள ஊருக்குப் போவார்கள் அல்லவா? அப்படி நடுவே கோடு கிழித்தால் வட்டம் அறுகோணமாகிவிடுகிறது. நிலம் எங்கும் சமமாக இருந்தால்தான் இந்த அழகு. மலை குறுக்கிட்டால் பக்கத்து ஊரும் தூரமாகிவிடும், பாலம் வந்தால் எதிர்க்கரை நெருங்கிவிடும்.

நெதர்லாந்தில் 1942இல் நீரை வெளியேற்றி உருவாக்கிய நூர்டோஸ்ட்போல்டர் கிட்டத்தட்ட அப்படியொரு சமநிலம். நடுவில் எம்மலூர்ட் நகரம், சுற்றி 10 கிராமங்கள். கிராமங்களுக்கு இடையிலான தூரத்தைச் சைக்கிள் பயணத்தை மனத்தில் வைத்துத் தீர்மானித்தார்கள். அப்புறம் கார் வந்தது. பண்ணைகளில் இயந்திரங்கள் வந்து வேலையாட்களும் குறைந்தார்கள். கிராமத்துக் கடைகளைத் தாண்டி மக்கள் எம்மலூர்ட்டுக்கே போகத் தொடங்கினார்கள்.

ஆட்களும் போதாமல், அவர்களால் தூரம் போகவும் முடியாத இடங்களில் சேவையே ஊர் ஊராக நகர்கிறது. வாரச் சந்தை, நடமாடும் நூலகம், கண் பரிசோதனை வண்டி எல்லாம் இந்த வகைதான். திங்கள் ஓர் ஊர், செவ்வாய் அடுத்த ஊர் என்று போனால், தனித்தனியே போதாத ஐந்தாறு ஊர்களின் மக்கள் சேர்ந்து ஒரு சேவையைத் தாங்கிவிடுகிறார்கள்.