ஃபோல்டருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

நான்கு ஜிபி வீடியோ ஒன்றை டவுன்லோட்ஸிலிருந்து கட் செய்து, அதே டிரைவில் உள்ள இன்னொரு ஃபோல்டரில் பேஸ்ட் செய்து பாருங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதே வீடியோவைப் பென் டிரைவுக்கு மாற்றினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பென் டிரைவின் வேகம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். முதல் தடவை அந்த வீடியோ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்பது மீதிப் பாதி.

திரையில் தெரியும் மஞ்சள் உறையைப் பார்த்து, ஃபைல்கள் அதற்குள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வட்டில் அப்படி எந்த உறையும் கிடையாது. ஃபோல்டர் என்பது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். லினக்ஸில் இதை ஐநோடு எண் என்பார்கள். ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பெரிய அட்டவணையில் உள்ள ஒரு பதிவை அந்த எண் காட்டும். ஃபைலின் அளவு, தேதிகள், அதன் தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில்தான் இருக்கும். நீங்கள் ஃபைலை நகர்த்தும்போது, கணினி ஒரு பட்டியலில் பெயரை அடித்துவிட்டு இன்னொன்றில் எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான் வேலை. வேறு டிரைவுக்குப் போகும்போது இந்தச் சுருக்குவழி எடுபடாது. அந்த டிரைவுக்கு அதன் சொந்த அட்டவணை, சொந்த எண்கள். அதனால் மொத்தத் தரவையும் நகலெடுத்து, பிறகு இங்கே இருப்பதை நீக்க வேண்டியிருக்கிறது.

பட்டியல்தான் என்றால், ஒரே ஃபைல் இரண்டு பட்டியல்களில் இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். ஹார்டு லிங்க் என்ற இந்த வசதி லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. ஒரே புகைப்படம் 'பயணம்' என்ற ஃபோல்டரிலும் 'அம்மா' என்ற ஃபோல்டரிலும் இருக்கும். இடம் ஒரு படத்துக்கானது மட்டுமே செலவாகும். ஒன்றை அழித்தால் இன்னொன்று போகாது. கடைசிப் பெயரும் அழிந்த பிறகுதான் அந்த இடம் காலியானதாகக் கணக்கில் வரும். நாம் வழக்கமாகப் போடும் ஷார்ட்கட் இதுவல்ல. அது முகவரி எழுதிய ஒரு குட்டி ஃபைல்.

வீட்டுக் கணினிகளுக்கு ஃபோல்டர் தாமதமாகத்தான் வந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற யோசனை 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது. ஆனால் 1981இல் வந்த, மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. ஒரு ஃபிளாப்பிக்கு ஒரே பட்டியல். ஃபிளாப்பியில் பிடித்ததே 160 கேபி என்பதால் யாருக்கும் பெரிதாகக் குறை தெரிந்திருக்காது. ஹார்டு டிஸ்க் வந்து இடம் பெருகியபோது, 1983இல் இரண்டாம் பதிப்பு ஃபோல்டரைக் கொண்டுவந்தது. 1984இன் மேகின்டாஷ் கதை இன்னும் வேடிக்கை. திரையில் அழகான ஃபோல்டர்கள் தெரியும்; அடியில் வட்டிலோ ஒரே பட்டியல். அதனால் வெவ்வேறு ஃபோல்டரில்கூட ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வைக்க முடியாது. மறு ஆண்டு வந்த எச்எஃப்எஸ் என்ற புது ஃபைல் முறைதான் இதைச் சரிசெய்தது.

சரி, தரவு எங்கோ கிடக்கிறது, தேடல் பெட்டியும் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஃபோல்டர்? நம் மூளைக்காகத்தான். 2015இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, ஃபைல் தேடுபவர்களின் மூளையை, எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் வழியாகப் பார்த்தது. ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்துகொண்டு போனவர்களிடம், நிஜ உலகில் வழி கண்டுபிடிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் இயங்கின. சொல் கொடுத்துத் தேடியபோது மொழியோடு தொடர்புள்ள பகுதி இயங்கியது. ஃபோல்டரில் போவது மூளைக்குக் கிட்டத்தட்ட நடந்து போகிற மாதிரி. அடிக்கடி ஃபோல்டர் அமைப்பை மாற்றுகிறவர்கள் தெருவையே மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். சுமாரான அமைப்பானாலும் பழகிய அமைப்பு மேல்.

ஃபோல்டரை விடக் கவனம் கேட்பது பெயர். கணினிக்கு எழுத்துகள் எல்லாம் எண்களே: 0 என்பது 48, 1 என்பது 49, 2 என்பது 50. பெயர்களை இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும்போது 'படம்10'இன் 1, 'படம்2'இன் 2ஐ விடச் சிறியது. பத்து முன்னால் போய் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர், எக்ஸ்பி காலத்திலிருந்து இலக்கங்களை முழு எண்ணாகப் படித்து இதைச் சமாளிக்கிறது. ஆனால் எல்லா நிரலும் அப்படிச் செய்வதில்லை. 'படம்02' என்று எழுதிவிட்டால் எங்கேயும் தொல்லையில்லை.

தேதிக்கும் இதே கதைதான். 07-03-2024 என்று தொடங்கினால், எல்லா மாதத்து ஏழாம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். 2024-03-07 என்று ஆண்டில் தொடங்கினால் எழுத்து வரிசையே கால வரிசை. ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்லும் வடிவமும் இதுதான். ஃபைலோடு வரும் தேதியை நம்பலாமே என்றால், விண்டோஸில் நகலெடுத்த ஃபைலின் 'உருவாக்கிய தேதி' நகலெடுத்த நாளாக மாறிவிடும். பத்து வருடப் புகைப்படங்களைப் புதுக் கணினிக்கு மாற்றிவிட்டு அந்தத் தேதியில் அடுக்கிப் பார்த்தால், எல்லாம் நேற்று எடுத்தவை போல் நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ல, ள, ழ, வ என்பது அதன் வரிசை. அகராதியிலோ ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே வெறும் குறியெண்ணைப் பார்த்து அடுக்கும் நிரலில் வலை, வளை, வழி என்று வரும். அகராதிப்படி வலை, வழி, வளை. புள்ளியின் எண் எழுத்துகளுக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் முதலில் வர வேண்டிய 'பக்கம்', 'பகல்' என்பதற்குப் பின்னால் தள்ளப்படும். தமிழ் வரிசை விதி தெரிந்த நிரல்கள் சரியாக அடுக்கும். ஒரே ஃபோல்டர் இரண்டு நிரல்களில் இரண்டு வரிசையில் தெரிந்தால், கண்ணை நொந்துகொள்ளாமல் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று போட்டுவிடுங்கள்.